எந்தத் தரைக்கு எந்த மவுண்டன் பைக்

மவுண்டன் பைக் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வாரா வாரம் இந்த வண்டி எந்தத் தரையில் ஓடப் போகிறது? பாறைச் சரிவில் பாய்ந்து இறங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு 170 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) உள்ள வண்டியை வாங்குகிறார்கள். ஓட்டுவது என்னவோ சரளைப் பாதையிலும் மேடுபள்ளமான மண் தடத்திலும்தான். அங்கே அந்த 16 கிலோ வண்டி ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழும், அகலமான டயர் தரையோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும், கூட வருபவர்கள் முன்னே போய்விடுவார்கள். நாளடைவில் வண்டி மூலைக்குப் போய்விடும். இதற்கு நேர்மாறாக, எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ரேஸ் வண்டியை வாங்கி வேரும் பாறையுமான இறக்கத்தில் இறங்குகிறவர், ஒவ்வொரு முறையும் ஹேண்டில்பாருக்கு மேலே எறியப்படுவோமோ என்ற பயத்தோடுதான் இறங்க வேண்டியிருக்கும்.

எனவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கடைசிப் பத்து சவாரிகளை நினைத்துப் பாருங்கள். இதுவரை ஓட்டவில்லை என்றால், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தடங்களை நினைத்துப் பாருங்கள். பத்தில் எட்டு எங்கே நடக்குமோ, அந்த எட்டுக்குத்தான் வண்டி. மீதி இரண்டில் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும், மோசமான இடத்தில் இறங்கி நடந்தாலும் தப்பில்லை. நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு மணி நேரம் ஏறிய மேட்டைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம். சவாரியில் பெரும்பகுதி மிதிப்பதுதான் என்பதை வண்டி தேர்ந்தெடுக்கும்போது பலர் மறந்துவிடுகிறார்கள்.

டிராவலை வைத்து வகை பிரிப்பது

டிராவல் என்பது சஸ்பென்ஷன் மொத்தம் எவ்வளவு தூரம் அமுங்கும் என்ற அளவு. வகைப் பெயர்களைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஒட்டுவதால் பெயரை நம்பாமல் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

100 முதல் 120 மி.மீ. வரை கிராஸ் கன்ட்ரி. எடை 10 முதல் 12.5 கிலோ வரை இருக்கும், டயர் 2.2 முதல் 2.4 அங்குலம். நீண்ட தூரம், நிறைய ஏற்றம், வேகமான மண் தடம் என்று ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட உற்சாகமான வண்டி இல்லை. மிதித்தவுடன் பாயும். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் உடம்பின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால் வண்டி தடுமாறும்.

120 முதல் 150 மி.மீ. வரை டிரெயில் வண்டிகள். 13 முதல் 15 கிலோ. ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். இன்ன வகைதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லத் தெரியாதவர் இங்கிருந்து தொடங்கலாம், அதிலும் 120–130 பக்கமாக நின்றால் வருத்தப்பட வேண்டியிருக்காது.

150 முதல் 180 மி.மீ. வரை எண்டூரோ. மேலே போய்ச் சேர்ந்தால் போதும், அசல் வேலை இறக்கத்தில்தான் என்பவர்களுக்கானது. உட்கார்ந்து நிதானமாக மிதித்தால் ஏறிவிடும். சமதளத்தில் மட்டும் உயிரில்லாததுபோல் தோன்றும். அது வண்டியின் குறை இல்லை, அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது.

200 மி.மீ. அளவில் டவுன்ஹில். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஹெட் ட்யூபுக்கு (ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃபிரேமின் முன்குழாய்க்கு) மேலேயும் கீழேயும் பிடிக்கப்பட்டிருக்கும், பின்னால் பெரும்பாலும் 7 கியர்தான். இதை மிதித்து மேடு ஏற முடியாது. மேலே கொண்டுபோய் விட ரோப் காரோ வாகனமோ இருந்தால் மட்டுமே யோசிக்க வேண்டிய வண்டி. குதித்துப் பழகும் மண்மேடுகளுக்கென்று 26 அங்குலச் சக்கரமும் ஒற்றை கியரும் உள்ள டர்ட் ஜம்ப் வண்டிகள் தனி. அவற்றில் உட்கார்ந்து தூரம் போக முடியாது.

ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருந்தால் ஹார்ட்டெயில், பின்னாலும் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். ஃபுல் சஸ்பென்ஷன் வசதியானது என்பதில் சந்தேகமே இல்லை. பின்சக்கரம் பாறையின் மேல் துள்ளாமல் தரையைப் பிடித்துக்கொண்டே போவதால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும், கரடுமுரடான ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நழுவுவதும் குறையும். ஆனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். அதே பணத்துக்கு ஹார்ட்டெயில் எடுத்தால் பின்பக்க ஷாக்குக்கும் இணைப்புகளுக்கும் போகும் தொகை நல்ல ஃபோர்க்காகவும் நல்ல பிரேக்காகவும் உங்களுக்கே திரும்பி வரும்.

விலை மலிவான ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அதன் பின்பக்க ஷாக் வெறும் சுருள் ஸ்பிரிங். அமுங்கியதைக் கட்டுப்படுத்தி மெதுவாக எழவைக்க உள்ளே எண்ணெய் அறை கிடையாது. அமுக்கினால் அதே வேகத்தில் உங்களைத் தூக்கி எறியும். பிவட்டுகளில், அதாவது பின்பகுதி மடங்கும் மூட்டுகளில், பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அது தேய்ந்ததும் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மொத்த எடையும் ஹார்ட்டெயிலைவிட 2, 3 கிலோ கூடுதல். மலிவு விலையில் ஹார்ட்டெயில்தான் நேர்மையான வண்டி.

நல்ல ஃபுல் சஸ்பென்ஷனை வாங்குவதானாலும் பராமரிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிவட் பேரிங்குகள் சேற்றிலும் மழையிலும் ஓடினால் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும். ஷாக்குக்கு எண்ணெய், சீல் மாற்றும் சர்வீஸ் தனி. ஈரமான மண்ணில் ஆண்டெல்லாம் ஓட்டுகிறவர், கையில் கருவிகளோடு உட்கார விருப்பமில்லாதவர் என்றால் ஹார்ட்டெயில் பக்கம் போவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஹார்ட்டெயிலில் ஒரு நுணுக்கம். ஃபோர்க் அமுங்கும்போது முன்பக்கம் மட்டும் கீழே போவதால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் தரையோடு போடும் கோணம்) அந்த நேரத்துக்குச் செங்குத்தாகிவிடும். ஃபோர்க் எவ்வளவு நீளமோ அவ்வளவு மாற்றம். அதனால்தான் ஹார்ட்டெயிலில் 120 முதல் 140 மி.மீ.க்கு மேல் போவதில் பெரிய பலன் கிடைப்பதில்லை. இருக்கும் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு 20 மி.மீ. நீளமான ஒன்றைப் பொருத்தினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய 1 டிகிரி சாயும், பெடல் அச்சும் உயரும், ஹெட் ட்யூபின் வெல்டிங்கில் விழும் விசையும் கூடும். ஃபிரேம் கம்பெனி அனுமதித்த நீளத்தைத் தாண்டினால் வாரண்டியும் போய்விடும்.

ஃபிரேமின் அளவுகள்தான் வண்டி

வண்டியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பின்னால் மாற்றிவிடலாம், ஃபிரேமின் கோணங்களையும் நீளங்களையும் தவிர. ஆகவே கம்பெனி தரும் ஜியாமெட்ரி அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்வது கியர் பிராண்டுகளை மனப்பாடம் செய்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

முதலில் ரீச். பெடல் அச்சின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹெட் ட்யூபின் மேல்விளிம்பின் மையம் வரைக்கும் கிடைமட்டமாக உள்ள தூரம் இது. பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது கைக்கும் காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை இந்த எண்தான் சொல்கிறது. டிரெயில் வண்டியில் 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 425–445, 175 செ.மீ.க்கு 450–475, 185 செ.மீ.க்கு 480–505 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொரு கம்பெனியின் லார்ஜும் ஒரே ரீச்சில் இருப்பது சாதாரணம். எழுத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், வளைவு நெளிவான தடத்தில் வண்டியைத் தூக்கித் திருப்பி ஓட்டப் பிடிப்பவர் சிறியதையும், வேகமாக நேராக இறங்குகிறவர் பெரியதையும் எடுக்கலாம்.

அடுத்தது ஹெட் ஆங்கிள். முன் ஃபோர்க் தரையோடு போடும் கோணம். எண் குறையக் குறைய முன்சக்கரம் உங்களுக்கு முன்னே தள்ளிப் போகும். கிராஸ் கன்ட்ரியில் 66.5–68.5, டிரெயிலில் 64.5–66.5, எண்டூரோவில் 63–64.5 டிகிரி என்பது இன்றைய நடைமுறை. சாய்ந்த கோணம் செங்குத்தான இறக்கத்தில் தைரியம் தரும். வேகத்தில் ஹேண்டில்பார் உதறாது. அதற்கு ஈடாக, மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலையும், கூர்மையான திருப்பத்தில் ஹேண்டில்பார் தானாகவே ஒரு பக்கம் விழப் பார்க்கும். ஏற்றம் அதிகமுள்ள தடத்தில் 63 டிகிரி வண்டியை நேர்க்கோட்டில் வைத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும்.

சீட் ட்யூப் கோணம் ஏற்றத்துக்கானது. 75 முதல் 78 டிகிரி வரை உள்ள வண்டியில் இடுப்பு பெடலுக்கு ஏறக்குறைய நேர் மேலே வருவதால், மேட்டில் முன்சக்கரம் தூக்காது. ஆனால் அட்டவணையில் இருப்பது ஒரு குறிப்பிட்ட சீட் உயரத்தில் எடுத்த கோணம். ட்யூப் உண்மையில் அதைவிடச் சாய்ந்திருக்கும் என்பதால் சீட்டை உயர்த்த உயர்த்த இடுப்பு பின்னால் போய்க்கொண்டே இருக்கும். கால் நீளமானவர்கள் 76 என்று எழுதிய வண்டியில் ஏறினால் 74 போலத்தான் உணர்வார்கள். அவர்கள் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. சமதளத்திலேயே நெடுநேரம் ஓட்டுகிறவருக்கு மிகச் செங்குத்தான சீட் கோணம் உள்ளங்கையில் எடையை ஏற்றி மணிக்கட்டை வலிக்கச் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்சக்கர அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் இடையிலான செயின்ஸ்டே 430 மி.மீ. அளவில் இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்குவதும் திருப்புவதும் எளிது. 445க்குப் பக்கத்தில் போனால் வேகத்தில் நிதானம். இந்த ஒரு எண்ணுக்காக வண்டியை ஏற்கவோ தள்ளவோ வேண்டியதில்லை.

பின்னால் மாற்ற முடியாத மூன்று பொருத்தங்கள்

மலிவு வண்டியை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்தலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஹெட் ட்யூப். இன்றைய நல்ல ஃபோர்க்குகளின் தண்டு மேலே 1⅛ அங்குலமும் கீழே 1.5 அங்குலமுமாக விரிந்திருக்கும். ஃபிரேமின் ஹெட் ட்யூப் மேலிருந்து கீழ்வரை ஒரே குறுகிய விட்டமாக இருந்தால் அந்த ஃபோர்க் அதில் நுழையவே நுழையாது. நேரான ட்யூபிலும் 44 மி.மீ. உள்விட்டம் உள்ளவை உண்டு; அவற்றில் கீழ்ப்பக்கம் வெளியே நிற்கும் கப் வைத்துப் பொருத்திவிடலாம்.

இரண்டு, அச்சு. நல்ல வண்டிகளில் முன்னால் 15×110, பின்னால் 12×148 மி.மீ. அளவில் ஃபிரேமுக்குள் திருகும் தடித்த அச்சு இருக்கும். பழைய முறையில் மெல்லிய கம்பியும் இழுத்து மூடும் நெம்புகோலும். அந்த ஃபிரேமுக்குப் புதிய சக்கரங்கள் பொருந்தாது.

மூன்று, பின் ஹப், அதாவது பின்சக்கரத்தின் நடுப்பகுதி. 7 கியர் வண்டிகளில் பல்சக்கரக் கொத்து ஹப்பின் மேல் மரையில் திருகப்பட்டிருக்கும் (திருகு ஃப்ரீவீல்). அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங், கொத்துக்கு உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருப்பதால் அச்சின் ஒரு நீளம் தாங்கல் இல்லாமல் தொங்கும். மேட்டிலிருந்து குதித்து இறங்குகிறவருக்கு அந்த இடத்தில்தான் அச்சு வளையும், பிறகு உடையும். பின்சக்கரம் லேசாக ஆடுவது, டிஸ்க் திடீரென்று உரசத் தொடங்குவது ஆகியவை முன்னறிகுறிகள். கேசட் என்ற கொத்தைச் சொருகும் ஹப்பில் பேரிங் வெளியோரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. வாங்கும் முன் கடைக்காரரிடம் "கேசட்டா, திருகு ஃப்ரீவீலா?" என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும்.

பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டு விழுந்தால் வளைவதற்கென்றே வைக்கப்பட்டது. 2019இல் ஸ்ராம் கம்பெனி அறிமுகப்படுத்திய பொது ஹேங்கர் பொருந்தும் ஃபிரேமாக இருந்தால் உதிரி எங்கேயும் கிடைக்கும். இல்லையென்றால் வண்டியோடு சேர்த்தே ஒரு உதிரி ஹேங்கரை வாங்கிப் பையில் போட்டு வைக்கவும்.

ஃபோர்க்கைக் கையால் அறிவது

கடையில் வண்டியின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முழு எடையோடு அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஃபோர்க் அமுங்கிய வேகத்திலேயே மேலே பாய்ந்து "டக்" என்று மோதினால் அதற்குள் வெறும் ஸ்பிரிங்தான். நல்ல ஃபோர்க் எழும்போது எண்ணெயின் தடை கையில் தெரியும். காலின் அடியில் பெரும்பாலும் சிவப்பாக உள்ள ரீபவுண்ட் திருகைத் திருப்பினால் அந்த எழும் வேகம் மாற வேண்டும். உள்குழாயின் விட்டத்தையும் பாருங்கள். 28, 30 மி.மீ. என்றால் மண் சாலைக்கு மட்டும். கிராஸ் கன்ட்ரிக்கு 32–34, டிரெயிலுக்கு 34–36, எண்டூரோவுக்கு 36–38. மெல்லிய காலில் நீண்ட டிராவல் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் பின்னோக்கி வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

காற்று ஃபோர்க்கா சுருள் ஃபோர்க்கா என்றால், முதல் வண்டிக்குக் காற்று. காரணம் எடை குறைவு மட்டும் இல்லை. சுருள் ஃபோர்க் சராசரி எடைக்காரரை நினைத்துச் செய்யப்பட்டது. 55 கிலோ ஆளுக்கு அது கல்லாக இருக்கும், 95 கிலோ ஆளுக்கு முழுவதும் அமுங்கி மோதும். காற்றை உங்கள் எடைக்கு ஏற்ப அடித்துக்கொள்ளலாம்.

அடிக்கும் முறை இது. சவாரிக்குப் போகும் உடை, ஹெல்மெட், தண்ணீர்ப் பையோடு வண்டியில் ஏறுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பெடலில் நின்று நாலைந்து முறை குலுங்கிவிட்டு அசையாமல் நில்லுங்கள். ஃபோர்க்கின் காலிலும் ஷாக்கிலும் உள்ள ரப்பர் வளையத்தை அங்குள்ள சீலோடு ஒட்டும்படி தள்ளி வைத்துவிட்டு, மறுபடி குலுக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்திருக்கும் தூரம்தான் சேக். வெறும் எடைக்கே வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. ஃபோர்க்கில் மொத்த டிராவலில் 15–20 சதவீதம், பின் ஷாக்கில் கிராஸ் கன்ட்ரிக்கு 20–25, டிரெயிலுக்கு 25–30, எண்டூரோவுக்கு 30 சதவீதம். பின்னால் சக்கரத்தின் டிராவலை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஷாக்கின் தண்டு நகரும் நீளத்தை வைத்துத்தான் போட வேண்டும். 55 மி.மீ. நகரும் ஷாக்கில் 28 சதவீதம் என்றால் 15.4 மி.மீ. டயர் பம்ப் இதற்கு ஆகாது, ஷாக் பம்ப் தனியாக வேண்டும். புது வண்டியை மூன்று மடங்கு காற்றோடு ஓட்டிவிட்டு "சஸ்பென்ஷன் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களைக் காண்பது அரிதல்ல.

பிரேக்

1976இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கி ஓட்டிய பந்தயத்துக்கு "ரீபேக்" என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் ஒரே இறக்கத்தில் கருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் எதிரி இன்றும் வெப்பம்தான்.

ஹைட்ராலிக் டிஸ்க் இல்லாத மவுண்டன் பைக்கை வாங்காதீர்கள் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு விரலால் பிடிக்க முடிந்தால்தான் மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும். கிராஸ் கன்ட்ரிக்கு இரண்டு பிஸ்டன் பிரேக்கும் முன்னால் 180, பின்னால் 160 மி.மீ. டிஸ்க்கும் போதும். நீண்ட இறக்கம் என்றாலோ, சவாரிச் சுமையோடு எடை 85 கிலோவைத் தாண்டினாலோ நான்கு பிஸ்டனும் 200, 180 டிஸ்க்கும் வேண்டும். ஃபோர்க்கும் ஃபிரேமும் எவ்வளவு பெரிய டிஸ்க்கை அனுமதிக்கின்றன என்று பார்த்துக்கொள்ளவும். பேட் என்பது டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. மலிவு டிஸ்க்குகள் சிலவற்றில் "ரெசின் பேட் மட்டும்" என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க் விரைவில் தேய்ந்துபோகும். மழையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவருக்கு மெட்டல் பேட்தான் நிலைக்கும் என்பதால், இந்த எழுத்து இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

புது பேட் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து ஏறக்குறைய நிற்கும் வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது முறையாவது ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து விட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே மலைக்குப் போனால் பிடி பலவீனமாக இருக்கும், கீச்சொலியும் வரும்.

சக்கரம், டயர், கியர்

29 அங்குலச் சக்கரம் கற்களின் மேலும் வேர்களின் மேலும் எளிதாக ஏறி உருளும். 27.5 சட்டென்று திரும்பும். உயரம் 160 செ.மீ.க்குக் கீழே என்றால் 27.5 வசதியாக இருக்கலாம். 29இல் செங்குத்தான இறக்கத்தில் பின்னால் சாயும்போது இடுப்பு டயரில் உரசும். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்த வண்டிகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மற்றவர்கள் 29 எடுத்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போகலாம்.

டயரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும் பாகம் அது. காய்ந்த இறுகிய மண்ணுக்குத் தாழ்ந்த நெருக்கமான கட்டைகள், சேற்றுக்கு உயர்ந்த இடைவெளியுள்ள கட்டைகள். முன்னால் நல்ல பிடியுள்ளதும் பின்னால் சற்று வேகமாக உருளுவதும் போடுவது பொதுவாகச் சரியாக வரும். முன்சக்கரம் நழுவினால் விழுவோம், பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

காற்றழுத்தம்: 75 கிலோ ஆள், 2.4 அங்குல டியூப்லெஸ் டயர், உள்ளகலம் 30 மி.மீ. ரிம் என்றால் முன்னால் 20–22, பின்னால் 23–25 பிஎஸ்ஐயிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சவாரியிலும் 1 பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் மோதும் சத்தம் கேட்டாலோ திருப்பத்தில் டயர் மடிவதுபோல் தோன்றினாலோ குறைத்தது போதும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அதிகபட்ச அளவைப் பார்த்து 45 பிஎஸ்ஐ அடித்தால் வண்டி கல்லுக்குக் கல் துள்ளும், திருப்பத்தில் வழுக்கும். டியூப் போட்டிருந்தால் இதைவிட 3, 4 பிஎஸ்ஐ கூட வைக்க வேண்டும், குறைந்தால் டியூப் ரிமுக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் பாம்புக் கடிபோல் இரட்டை ஓட்டை விழும். டியூப்லெஸ் ஆக்க ரிம் அதற்கு ஏற்றதா என்று கேட்டு வாங்கவும். 29 அங்குல டயருக்கு 80 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) போகும். வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்துவிடும் என்பதால் திரும்ப ஊற்ற வேண்டும்.

கியரில் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 11 அல்லது 12 என்பது இன்று வழக்கம். எத்தனை கியர் என்பதைவிட மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதே ஏற்றத்தில் முக்கியம். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் என்றால் ஒரு சுற்று மிதிக்கு 29 அங்குலச் சக்கரத்தில் சுமார் 1.44 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5.2 கி.மீ. முன்னால் 30 பல் போட்டால் 4.9 கி.மீ. எண்ணுக்குச் சிறிய வித்தியாசம்தான், ஆனால் நீண்ட செங்குத்தான மேட்டில் அந்த இரண்டு பல் முட்டியைக் காப்பாற்றும். செயின் கழன்று விழாதிருக்க முன் பல்சக்கரத்தில் ஒன்றுவிட்டு ஒன்று அகலமான பற்களும், கியர் மாற்றும் பின் டீரெய்லரில் செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச்சும் வேண்டும்.

டிராப்பர் போஸ்ட், அதாவது ஹேண்டில்பாரில் உள்ள பொத்தானால் ஓடும்போதே சீட்டை இறக்கும் அமைப்பு. டிரெயிலிலும் அதற்கு மேலேயும் இது ஆடம்பரம் இல்லை. சீட் இறங்கினால்தான் உடம்பு தாழ்ந்து பின்னால் போக இடம் கிடைக்கும். வண்டியில் இல்லையென்றால் சீட் ட்யூபில் கேபிளுக்கான துளை இருக்கிறதா, விட்டம் 30.9, 31.6, 34.9 ஆகியவற்றில் எது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு போடலாம்.

ஓட்டிப் பார்ப்பது

கடை வாசலில் வட்டமடித்தால் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரமாவது, கொஞ்சம் ஏற்றமும் இறக்கமும் உள்ள இடத்தில் ஓட்டக் கேளுங்கள். அதற்கு முன் டயர் காற்றையும் சேக்கையும் உங்கள் எடைக்கு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது முன்பு ஓட்டியவரின் வண்டியைத்தான். மிகச் செங்குத்தான இடத்தில் உட்கார்ந்தபடி ஏறுங்கள், முன்சக்கரம் தூக்குகிறதா அலைகிறதா என்று பாருங்கள். பிறகு எழுந்து நின்று இறங்குங்கள். முழங்கை லேசாக வெளியே மடங்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்காமல் இருக்க வேண்டும். கைகள் முழுவதும் நீண்டுபோனால் ரீச் அதிகம். ஹேண்டில்பார் 780, 800 மி.மீ. என்று வரும். தோள் குறுகியவர்கள் இரண்டு பக்கமும் 10 மி.மீ. வீதம் வெட்டிக்கொள்ளலாம், கைப்பிடியை உள்ளே தள்ளி சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அதைக் கழுவித் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹெட் ட்யூபும் டவுன் ட்யூபும் சேரும் இடம், சீட் ட்யூபின் மேல்முனை, பிவட்டைச் சுற்றிய வெல்டிங் ஆகியவற்றில் டார்ச் அடித்து, பெயின்ட்டில் முடிபோன்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் ஃபிரேமில் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், அடிபட்ட இடத்தில் ஒலி மொத்தையாகக் கேட்கக்கூடும். ஃபோர்க்கின் உள்குழாயில் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள், நகம் மாட்டும் கீறல் இருந்தால் அது சீலை வெட்டி எண்ணெயை வெளியேற்றும். பின்சக்கரம் தரையில் இருக்கச் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். சக்கரம் எழும் முன் ஒரு "கிளிக்" கேட்டால் பிவட்டோ ஷாக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட்செட்டில் (ஹெட் ட்யூபின் பேரிங்கில்) விரல் வைத்து ஆட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். செயின் தேய்ந்து நீண்டதை அளக்கும் செயின் அளவி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் 11, 12 கியர் செயின் மாற்ற வேண்டும், 0.75ஐயும் தாண்டியிருந்தால் பெரும்பாலும் கேசட்டும் சேர்ந்தே போயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புது வண்டியானால் முதல் மூன்று நான்கு சவாரிக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமின் திருகுகள் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும், ஸ்டெமிலேயே எழுதியிருப்பார்கள். பிவட் திருகுகளுக்கு ஃபிரேம் கையேட்டைப் பார்க்கவும். இதே சமயத்தில் கியர் கேபிள் தளர்ந்து மாற்றம் தடுமாறும், புதுச் சக்கரத்தில் ஆரைகள் ஒன்றிரண்டு இளகும். ஆரைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தி, மற்றவற்றைவிடத் தளர்ந்தது எது என்று கண்டுபிடித்து அப்போதே கடையில் இறுக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த ஆரையோடு ஒரு மாதம் ஓட்டினால் பக்கத்து ஆரைகள்தான் உடையும்.